மீன்தொட்டிக் குளிர்விப்பானுக்குத் தனி பம்பு

மீன்தொட்டிக் குளிர்விப்பான் என்பது தொட்டி நீரிலுள்ள வெப்பத்தை எடுத்து அறைக் காற்றில் வெளியேற்றும் கருவி ஆகும். கடைகளில் இது சில்லர் என்று அழைக்கப்படுகிறது. பெரும்பாலான குளிர்விப்பான்களுக்குள் பம்பு இருப்பதில்லை. தொட்டி நீரை அதனுள் செலுத்தித் திரும்பக் கொண்டுவர வெளியே ஒரு பம்பு தேவை. வடிகட்டியை இயக்கும் பம்பே இந்த வேலையையும் செய்யலாம். அல்லது குளிர்விப்பானுக்கென்று தனியாக ஒரு பம்பு வைக்கலாம். இரண்டாவது முறையே இக்கட்டுரையின் பொருள். குளிர்விப்பானுக்குக் கிடைக்கும் நீரோட்டம் வடிகட்டியின் நிலையைப் பொறுத்து மாறாமல் இருப்பதே தனி பம்பின் முதன்மைப் பயன். அந்தப் பம்பு நின்றுபோனால் அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் முதன்மைக் குறை.

தேவை எழும் சூழல்

புதுச்சேரி நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது வில்லியனூர். புதுச்சேரிப் பகுதி முழுவதிலும் போலவே இங்கும் மே, சூன் மாதங்களே மிக வெப்பமானவை. பிற்பகலில் வெயில் 37 பாகை செல்சியசை எட்டுவது வழக்கம். சில நாட்களில் 40 பாகையையும் தொடும். குளிர்சாதன வசதி இல்லாத வீடுகளில் இரவிலும் சுவரும் தளமும் சூட்டை விடுவதால், தொட்டி நீர் 31 அல்லது 32 பாகையிலேயே நின்றுவிடுவதுண்டு.

நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிசனின் அளவு குறைகிறது. நன்னீர் ஒரு லிட்டரில் 20 பாகையில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 25 பாகையில் இது 8.3 ஆகவும், 30 பாகையில் 7.6 ஆகவும் குறையும். கடல்நீரில் கரையும் அளவு இன்னும் குறைவு. அதே வேளையில், சூடான நீரில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் ஆக்சிசன் கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலையில், நெருக்கமாக மீன் விட்ட தொட்டிகளில் விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைக் காணலாம்.

எல்லா மீன்களுக்கும் குளிர்விப்பான் தேவையில்லை. கப்பி, மோலி, கௌராமி போன்றவை நம் ஊர் வெப்பத்தைத் தாங்கும். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 பாகை வரையிலான சூடே ஏற்றது. ஆனால் கிரிஸ்டல் இறால் எனப்படும் சிறு வண்ண இறால்கள் 20 முதல் 24 பாகைக்குள் இருக்க வேண்டியவை. ஆக்சலாட்டல் எனும் நீர்ப்பல்லிக்கு 18 பாகை அளவிலான குளிர்ந்த நீரே ஏற்றது. பவளங்கள் வளரும் உப்புநீர்த் தொட்டிகளில் பொதுவாக 24 முதல் 27 பாகை பேணப்படுகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளங்கள் தம் திசுவில் வாழும் பாசிகளை இழந்து வெளிறிவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடானபோது இத்தகைய வெளிறல் நிகழ்ந்தது. கடலுக்கு நேர்வது சிறு தொட்டிக்கு ஒரே நாளில் நேரலாம். இந்தியக் கடல்களில் உள்ள கற்பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து வளர்ப்பது குற்றமாகும்.

குளிர்விப்பான் இயங்கும் விதம்

குளிர்விப்பானின் உள்ளமைப்பு குளிர்பதனப் பெட்டியைப் போன்றதே. கம்ப்ரசர் குளிர்பொருளை அழுத்துகிறது. அழுத்தப்பட்டுச் சூடான குளிர்பொருள், விசிறி வைத்த சுருளில் தன் வெப்பத்தை அறைக் காற்றுக்கு விடுகிறது. பின்னர் அழுத்தம் குறைந்து குளிர்ந்து, வெப்பப் பரிமாற்றியில் தொட்டி நீரின் வெப்பத்தை ஏற்கிறது. உப்புநீரிலும் அரிக்காமல் இருக்க, நீரைத் தொடும் சுருள் டைட்டானியத்தால் செய்யப்படுகிறது.

பல குளிர்விப்பான்களில் வெப்பநிலையை அளக்கும் உணரி தொட்டிக்குள் இருப்பதில்லை. கருவிக்குள் நீர் செல்லும் அறையிலேயே அது பொருத்தப்பட்டிருக்கும். எனவே கருவியின் முகப்பில் தெரியும் எண் தொட்டியின் வெப்பநிலை அன்று. அந்த நேரத்தில் கருவிக்குள் இருக்கும் நீரின் வெப்பநிலை. நீர் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்.

நீரோட்டம் எவ்வளவு வேண்டும்

ஒவ்வொரு குளிர்விப்பானின் கையேட்டிலும் மணிக்கு இத்தனை லிட்டர் முதல் இத்தனை லிட்டர் வரை நீர் ஓட வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும். இந்த வரம்பின் பொருளை ஒரு கணக்கு விளக்கும்.

ஒரு சிறிய குளிர்விப்பான் 250 வாட் அளவில் வெப்பத்தை எடுப்பதாகக் கொள்வோம். அதனுள் மணிக்கு 600 லிட்டர் நீர் ஓடினால், உள்ளே செல்லும் நீரும் வெளியே வரும் நீரும் வேறுபடுவது 0.36 பாகை மட்டுமே. கையை வைத்துப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. கருவி வேலை செய்யவில்லை என்று பலர் தவறாக எண்ணுவது இதனால்தான். எனினும் 200 லிட்டர் தொட்டியில், வெளியிலிருந்து வரும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒரு பாகை குறைய ஏறத்தாழ 56 நிமிடம் போதும்.

அதே கருவியில் நீரோட்டம் மணிக்கு 100 லிட்டராகக் குறைந்தால், வெளியே வரும் நீர் இரண்டு பாகைக்கு மேல் குளிர்ந்திருக்கும். கைக்குச் சில்லென்று இருப்பதால் இது நல்லதாகத் தோன்றும். உண்மையில் தொட்டிக்கு இதனால் நன்மை இல்லை. கருவிக்குள் இருக்கும் சிறிதளவு நீர் விரைவில் குளிர்ந்துவிட, உள்ளிருக்கும் உணரி தொட்டியே குளிர்ந்துவிட்டதாகக் கொண்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். சற்று நேரத்தில் தொட்டியின் சூடான நீர் வந்ததும் மீண்டும் கம்ப்ரசர் ஓடும். இப்படி அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசர் தேய்கிறது. தொட்டியோ சூடாகவே இருக்கிறது. நீர் முற்றிலும் நின்றுவிட்டால், உணரி சரியாக இயங்காத நிலையில், பரிமாற்றிக்குள் நீர் உறைந்து கருவி பழுதாகவும் கூடும்.

நீர் மெதுவாகச் சென்றால்தான் நன்றாகக் குளிரும் என்பது பரவலான தவறான கருத்து. ஒரு லிட்டர் நீர் எவ்வளவு குளிர்கிறது என்பது முக்கியமன்று. ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதே முக்கியம். வேகமாக ஓடும் நீர் தன் வெப்பத்தைச் சுருளுக்கு நன்றாகப் பரிமாறும். மேல் வரம்பு குறிக்கப்படுவதற்கு முதன்மைக் காரணங்கள் வேறு: மிகையான நீரழுத்தம் இணைப்புகளில் கசிவை உண்டாக்கும், தேவைக்கு மேல் பெரிய பம்பு கூடுதல் மின்சாரத்தையும் வெப்பத்தையும் கொண்டுவரும்.

இணைக்கும் மூன்று முறைகள்

முதல் முறையில், தொட்டிக்கு வெளியே இருக்கும் கேனிஸ்டர் வடிகட்டியிலிருந்து திரும்பும் குழாயின் நடுவே குளிர்விப்பான் இணைக்கப்படுகிறது. குழாய்கள் குறைவு, கூடுதல் பம்பு தேவையில்லை. ஆனால் வடிகட்டியில் அழுக்கு சேரச் சேர நீரோட்டம் குறையும். கழுவிய அன்று மணிக்கு 700 லிட்டர் தந்த வடிகட்டி, சில வாரங்களில் அதில் பாதியைத் தரலாம். வடிகட்டியைக் கழுவும் நேரத்தில் குளிர்விப்பானும் நிறுத்தப்பட வேண்டும்.

இரண்டாவது முறை, சம்ப் எனப்படும் அடித்தொட்டி உள்ள அமைப்புகளுக்கு உரியது. அடித்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்றும் பெரிய பம்பின் குழாயில் ஒரு கிளை பிரித்து, வால்வு வைத்துக் குளிர்விப்பானுக்குத் தரப்படுகிறது. இங்கு ஒரு வால்வைத் திருப்பினால் மறு பக்கத்து நீரோட்டமும் மாறும். பம்பு நின்றால் வடிகட்டுதல், நீரேற்றம், குளிர்விப்பு மூன்றும் ஒருசேர நிற்கும்.

மூன்றாவது முறையில் குளிர்விப்பானுக்குத் தனி பம்பு வைக்கப்படுகிறது. அது தொட்டியிலிருந்தோ அடித்தொட்டியிலிருந்தோ நீரை எடுத்து, குளிர்விப்பான் வழியாக அனுப்பி, எடுத்த தொட்டிக்கே திருப்பித் தருகிறது. வடிகட்டியின் சுற்றும் குளிர்விப்பானின் சுற்றும் ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன.

தனி பம்பின் நன்மைகள்

முதலாவது, நீரோட்டம் நிலையாக இருக்கிறது. வடிகட்டி அழுக்கடைந்தாலும், அதைக் கழற்றிக் கழுவினாலும் குளிர்விப்பு தொடரும்.

இரண்டாவது, பழுதுகள் பிரிந்து நிற்கின்றன. குளிர்விப்பானின் பம்பு நின்றால் வடிகட்டி தொடர்ந்து ஓடும். வடிகட்டியில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிசன் கிடைக்கும். நீர் மெல்ல மெல்லத்தான் சூடாகும். வடிகட்டி நின்றாலோ, குளிர்விப்பானிலிருந்து திரும்பும் நீர் மேற்பரப்பை அசைத்து ஓரளவு காற்றோட்டம் தரும்.

மூன்றாவது, சிறிய பம்பே போதுமானது. ஒரே தொட்டியில் எடுத்து அதே தொட்டியில் விடும் சுற்றில், குழாய்கள் முழுவதும் நீர் நிரம்பி, திரும்பும் முனை நீருக்குள் அமிழ்ந்திருந்தால், பம்பு நீரை உயரத்துக்கு ஏற்ற வேண்டியதில்லை. ஒரு பக்கம் இறங்கும் நீரின் எடையும் மறு பக்கம் ஏறும் நீரின் எடையும் சமன்படுகின்றன. குழாயிலும் கருவிக்குள்ளும் ஏற்படும் உராய்வை வென்றால் போதும். அடித்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்போ, உராய்வுடன் ஒரு மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட உயரத்தையும் வெல்ல வேண்டியிருக்கிறது.

தனி பம்பின் குறைகள்

பம்பு உண்ணும் மின்சாரமும் இறுதியில் வெப்பமாகிறது. நீரில் மூழ்கி இயங்கும் 20 வாட் பம்பின் வெப்பம் முழுவதும் நீருக்கே செல்லும். 250 வாட் குளிர்விப்பானின் திறனில் இது 8 விழுக்காடு. அதாவது குளிர்விப்பான் தன் உழைப்பில் ஒரு பங்கைத் தன் பம்பையே குளிர்விக்கச் செலவிடுகிறது. இந்தப் பம்பு நாள் முழுவதும் ஓடினால் மாதத்துக்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகும். தொட்டிக்கு வெளியே வைக்கும் பம்பு தன் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றில் விடும். ஆனால் அதன் இணைப்புகளில் கசிவு ஏற்பட வாய்ப்பு உண்டு.

நீருக்குள் மேலும் ஒரு மின்கருவி சேர்வது இன்னொரு குறை. பம்பின் உறை விரிசல் விட்டால் நீரில் மின்சாரம் பாயலாம். எனவே தொட்டிக்கான மின்னிணைப்பில் நல்ல எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இருக்க வேண்டும். மின்கம்பி, பிளக் பாயின்டுக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறும்படி விடப்பட வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் நீர் பிளக்கை அடையாமல் கீழே சொட்டிவிடும்.

மூன்றாவது குறையே பெரியது. வடிகட்டி நின்றால் தொட்டியில் நீர் அசையாமல் நிற்பது பார்த்தவுடன் தெரியும். குளிர்விப்பானின் பம்பு மட்டும் நின்றால் தொட்டி எப்போதும் போலவே தோன்றும். விளக்கு எரியும், நீர் சுழலும், மீன்கள் நீந்தும். வெப்பநிலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். குளிர்விப்பானின் முகப்பிலுள்ள எண்ணும் உண்மையைச் சொல்லாது. எனவே தனி பம்பு வைக்கும் தொட்டியில், குளிர்விப்பானைச் சாராத ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும். திரும்பும் குழாயின் முனையை, நீரோட்டத்தால் மேற்பரப்பு அசைவது தெரியும்படி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைப்பதும் உதவும்.

பம்பைத் தேர்ந்தெடுத்தல்

பம்பின் அட்டையில் எழுதியிருக்கும் மணிக்கு 1000 லிட்டர் என்பது, குழாயோ உயரமோ இல்லாத நிலையில் கிடைக்கும் அளவு. அதே அட்டையில் 1.5 மீட்டர் என்று உச்ச உயரம் குறித்திருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்பதே அதன் பொருள். இடைப்பட்ட நிலையில் நீரோட்டம் படிப்படியாகக் குறையும். நீண்ட குழாய், குறுகிய குழாய், செங்குத்தான வளைவு ஆகிய ஒவ்வொன்றும் நீரோட்டத்தைக் குறைக்கும். வெளிநாட்டில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அளந்த எண்ணை அட்டையில் போட்டிருந்தால், இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண பம்புகள் அதைவிட மெதுவாகவே சுழலும்.

ஆகவே அட்டையை மட்டும் நம்பாமல் அளந்து பார்ப்பதே நல்லது. எல்லாக் குழாய்களையும் இணைத்தபின், திரும்பும் முனையைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு அருகிலேயே ஒரு வாளியில் பிடிக்க வேண்டும். 10 லிட்டர் நிரம்ப 60 வினாடி ஆனால் மணிக்கு 600 லிட்டர். 40 வினாடி ஆனால் 900 லிட்டர். வாளியைத் தரையில் வைத்துப் பிடித்தால் நீர் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, உண்மையைவிட அதிகமான அளவு வரும். கிடைத்த அளவு கையேட்டின் வரம்புக்கு நடுவில் இருப்பது நல்லது. காலப்போக்கில் பம்பு சற்றுத் தளர்ந்தாலும் கீழ் வரம்புக்கு வர நாளாகும்.

அமைக்கும் முறை

நீரை எடுக்கும் இடமும் விடும் இடமும் தள்ளி இருக்க வேண்டும். அருகருகே இருந்தால் குளிர்ந்த நீரே மீண்டும் பம்புக்குள் சென்று சுற்றிவரும். தொட்டியின் மறு மூலை சூடாகவே கிடக்கும். அடித்தொட்டியில், கசடு படிந்து தெளிந்த பகுதியிலிருந்து எடுத்து, மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்பின் அருகே விடுவது பொருத்தமானது. நீரை எடுக்கும் முனையில் ஒரு ஸ்பாஞ்ச் போட்டால் நத்தை, இலைத்துணுக்கு, சிறு இறால் ஆகியவை குளிர்விப்பானுக்குள் செல்லாது.

பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போது மட்டும் பம்பை ஓட்டினால், மற்ற நேரங்களில் கருவிக்குள் தேங்கிய நீரின் வெப்பத்தையே உணரி அளந்துகொண்டிருக்கும். தொட்டிக்குள் உணரி வைத்து, பம்பையும் குளிர்விப்பானையும் ஒன்றாக இயக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் மட்டுமே பம்பை நிறுத்தி ஓட்டலாம்.

குளிர்விப்பானை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. நீரிலிருந்து எடுத்த வெப்பத்துடன் கம்ப்ரசர் உண்ணும் மின்சாரத்தின் வெப்பமும் சேர்ந்து அதன் பின்புறம் வெளியேறுகிறது. வெளிவரும் சூடான காற்றையே மீண்டும் இழுத்தால் அதன் திறன் வீழும். வில்லியனூரின் மே மாதப் பிற்பகலில் அறையே 36 பாகையில் இருக்கும்போது இது மேலும் கடுமையாகும்.

மின்தடை

மின்சாரம் தடைப்பட்டால் குளிர்விப்பானும் அதன் பம்பும் நிற்கும். திரும்பும் குழாயின் முனை மேல்தொட்டியில் ஆழமாக அமிழ்ந்திருந்து, பம்பு அடித்தொட்டியில் இருந்தால், நீர் பின்னோக்கி வழிந்து தரையை நனைக்கலாம். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை இட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நிற்கும். அடித்தொட்டியில் எடுத்து அடித்தொட்டியிலேயே விடும் தனிச் சுற்றில் இந்த ஆபத்து இல்லை.

மின்சாரம் திரும்பும்போது கம்ப்ரசர் உடனே ஓடக் கூடாது. உள்ளழுத்தம் சமனாகச் சில நிமிடங்கள் வேண்டும். பல கருவிகளில் இந்தத் தாமதம் உள்ளேயே அமைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்ரசரை ஓட்டுவது பெரும்பாலும் இயலாது. கம்ப்ரசர் இல்லாமல் அதன் பம்பை மட்டும் ஓட்டுவதாலும் பெரிய பயன் இல்லை. இன்வெர்ட்டரின் மின்சாரத்தை ஒரு காற்றுப் பம்புக்கும் வடிகட்டிக்கும் தருவதே மீன்களைக் காக்கும். சூடான நீரில் முதலில் தட்டுப்படுவது ஆக்சிசனே.

பராமரிப்பு

பம்பின் இம்பெல்லரில் சுண்ணாம்பும் வழுவழுப்பான படலமும் சேரும். கடினத்தன்மை மிகுந்த ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது விரைவில் நிகழும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவலாம். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை பிழிய வேண்டும். குளிர்விப்பானின் விசிறிப் பக்கத்துத் தூசியை மாதம் ஒருமுறை தூரிகையால் நீக்க வேண்டும். கோடை தொடங்குமுன், மார்ச் மாதத்திலேயே வாளி அளவீட்டை மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. பழைய அளவில் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால், பம்பிலோ குழாயிலோ அடைப்பு உள்ளது என்று கொள்ளலாம். இம்பெல்லர் ஒன்று கூடுதலாக வீட்டில் இருப்பின், கடை மூடிய நேரத்தில் பம்பு நின்றாலும் சமாளிக்கலாம்.

தனி பம்பு தேவைப்படாத நிலைகள்

சிறிய தொட்டி, குறைவான மீன்கள், தவறாமல் கழுவப்படும் கேனிஸ்டர் வடிகட்டி ஆகியவை இருந்து, கழுவுவதற்கு முந்தைய நாளிலும் நீரோட்டம் கையேட்டின் கீழ் வரம்புக்கு மேலேயே இருந்தால், தனி பம்பால் கூடுதல் பயன் இல்லை. மின்செலவும் வெப்பமுமே கூடும்.

இரண்டு அல்லது மூன்று பாகை குறைந்தாலே போதும் என்றால், குளிர்விப்பானே தேவைப்படாமல் போகலாம். நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தால் நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஒரு நாளில் ஒரு லிட்டர் நீர் ஆவியாவது, நாள் முழுவதும் 28 வாட் குளிர்விப்புக்குச் சமம். ஆனால் கடற்காற்றின் ஈரம் வந்து சேரும் புதுச்சேரிப் பகுதியில், காற்று வறண்ட உள்மாவட்டங்களில் கிடைக்கும் அளவுக்கு விசிறியின் பயன் கிடைப்பதில்லை. ஆவியான அளவுக்கு உப்புச்சத்துக் குறைந்த நீரை நாள்தோறும் ஊற்றவும் வேண்டும். இறால், ஆக்சலாட்டல், பவளம் போன்றவற்றுக்கு விசிறி மட்டும் போதாது. அங்குதான் குளிர்விப்பானும், அதற்கு உறுதியான நீரோட்டம் தரும் தனி பம்பும், இரண்டும் இயங்குகின்றனவா என்று நாள்தோறும் பார்க்க ஒரு வெப்பமானியும் சேர்ந்து தேவைப்படுகின்றன.